டீச்சர் பேரில் என் வாழை

ஜனவரி 30
விவசாய ஆபீசான கிருஷிபவனில் வாழை சப்சிடி வாங்கியவர்களின் பேரை எல்லாரும் பார்க்க வெளியே ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு மலையாள எழுத்து தட்டித் தடவித்தான் வரும். மகள் அஞ்சு வாசித்தாள். விவசாயி: மினி டீச்சர்! சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. நிலம் டீச்சருடையது. குத்தகையாகப் பாட்டத்துக்கு எடுத்து ஏத்தன் வாழை வைத்திருப்பது நானும் வீட்டுக்காரர் தங்கையனும். பாட்டம் வாய்ப்பேச்சு, நிலவரி கட்டின கர ரசீது டீச்சர் பேரில், அதனால் சப்சிடியும் அவர் பேரில்தான் வரும். வந்த அன்றே கவரில் போட்டு என் கையில் தந்துவிடுவார். நல்ல மனுஷி. ஆனாலும், விவசாயி!

பிப்ரவரி 2
ஆராதனை முடிந்து சர்ச் முற்றத்தில் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். "டீச்சரே, கையக் காட்டுங்கோ பாப்போம். மண்வெட்டி பிடிச்ச தழும்பு உண்டா? நோட்டீசில பெரிய கிருஷிக்காரி ஆக்கும்!"
"எங்க மக்கா, சாக்பீஸ் பிடிச்ச விரலாக்கும்," என்று டீச்சரும் சிரித்தார். பக்கத்தில் நின்ற ராஜப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவனும் பாட்டக்காரன்தான். அவனுடைய நிலக்காரர் சப்சிடியில் ஒரு பைசா கொடுத்ததில்லை.

பிப்ரவரி 14
ராஜப்பன் கிருஷிபவனில் பராதி எழுதிக் கொடுத்துவிட்டான் — மண்ணில் கால் வைக்காதவர்களுக்கு சப்சிடி போகிறது என்று. அதில் டீச்சர் பேரும் உண்டு. வழியில் மறித்துக் கேட்டேன்.
"உனக்கு எதிரா இல்ல அக்கா. பாடுபடுகவனுக்குக் கிட்டணுமா வேண்டாமா? நீதானே சர்ச்சில வச்சுப் பறஞ்ச?"
 

பிப்ரவரி 19
டீச்சர் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. விசாரணைக்கு வருகிறார்களாம்; வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும், கேசும் வரும் என்று மகன் அஜின் பயமுறுத்தியிருக்கிறான்.
"புஷ்பபாய், கிருஷி நான் செய்யுதேன், நீ கூலிக்கு வாறேன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பறையண்டாம்."
அந்தக் காசைத் தின்றது நாங்கள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்ல?
தங்கையன் சாப்பாட்டுக்கு முன்னாலிருந்து எழுந்துவிட்டார். "எட்டி, அப்படிச் சொன்னா வாழை பின்ன ஆருக்கு?"

பிப்ரவரி 24
சொன்னேன். ஆபீசர் எழுதினதை வாசித்துக் காட்டினார், கையெழுத்தும் போட்டேன். கூலிக்காரி. டீச்சர் என் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார் — மண்வெட்டி தலைகீழாக. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

மார்ச் 11
டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. பராதியைத் தள்ளிவிட்டார்களாம்.

ஜூலை 6
குலை தள்ளின பிறகு அஜின் வீட்டுக்குக் கூப்பிட்டான். "மாமி, ராஜப்பன் இப்பவும் நோக்கிக்கிட்டுத்தான் இருக்கான். குலைய நீங்க வித்தா மறுபடியும் பராதி. நாங்க வெட்டி விக்கோம். உங்களுக்கு வேலை செஞ்சதுக்குக் கூலி தந்துடலாம்."
அப்போ உரம்? முட்டுக் கொடுத்த கம்பு? நாங்கள் சுமந்து ஊற்றின தண்ணி?
"எலே, அது நான் வச்ச வாழைடா!"
"நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க," என்றான். சத்தம்கூட உயர்த்தவில்லை. டீச்சர் உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை.

ஜூலை 7
தங்கையன் இன்று தோட்டத்துக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 28
ஓணத்துக்குக் குலை வெட்டு. உதியன்குளங்கரை வியாபாரி வண்டியை நிறுத்திவிட்டு, எப்போதும்போல் நேரே என்னிடம் வந்தார். "என்ன அக்கா, இந்த வாட்டி என்ன விலை சொல்லுக?"
வரப்பில் நின்ற அஜினைக் கை காட்டினேன். பிறகு சும்மாட்டைச் சுருட்டி வைத்து, முதல் குலையைத் தலையில் ஏற்றினேன்.