காலையில் எடுத்த படங்கள்

நாள் 212, காலை 06.10
கனக்கோள் சுரங்க நிலையம், ஸ்கேன் அறை. எழுதுபவள் பெர்னதெத், வயது இருபத்தேழு. இங்கே உடம்பின் எடை பூமியில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு. பனிக்கட்டியை வெட்டினால்தான் மூச்சுக்காற்று. ஒரு நாளும் ஓய்வில்லை. வேலை கெடக்கூடாதென்று, எழுந்தவுடனேயே பதினெட்டுத் தொழிலாளர்களுக்கும் முதுகுத்தண்டுப் படம் எடுத்துவிடுவேன். எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு நன்றாக இருந்தால் வெள்ளையாகத் தெரியும், தேய்ந்தது கறுக்கும். பதினெட்டும் வெள்ளை. சுடலைமணி (23) மட்டும் வழக்கம்போல இடுப்புவலி என்று மூக்கால் அழுகிறான். தகுதிச் சீட்டில் கையெழுத்திட்டு, புது ஆட்களோடு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கப்பலுக்கு அனுப்பினேன்.

நாள் 219, மாலை 18.40
சுரங்கத்திலிருந்து ரேடியோவில் சுடலைமணி: "எக்கா, கால் மரத்துப் போச்சு. சாயங்காலம் எடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

தூக்கி வந்தார்கள். படத்தில் நான்கு ஜவ்வு கறுப்பு. ஒன்று பிதுங்கி நரம்பை நசுக்குகிறது. தூக்கத்தில் ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், பகலில் உடம்பின் எடை அதைப் பிழிந்துவிடும்; படித்த பாடம்தான். பூமியில் அந்த வித்தியாசம் கொஞ்சம். இங்கே எவ்வளவென்று ஒரு மாலைகூட நான் எடுத்துப் பார்க்கவில்லை. சோம்பேறி என்று அவனைக் கேலி செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

நாள் 220, மாலை 19.15
மற்ற பதினேழு பேரையும் வேலை முடிந்ததும் எடுத்தேன். ஒருவருக்கும் வயது இருபத்தைந்து தாண்டவில்லை. எல்லாம் கறுப்பு. என்னுடையதும். சுடலைமணிக்குச் சிறுநீர் போவதே தெரியவில்லை. அறுவை செய்ய இங்கே யாருமில்லை. கப்பலில் காத்திருக்கும் அறுபது புது ஆட்களை இறக்காதீர்கள், எங்களை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பினேன்.

நாள் 221, 11.05
கப்பலின் பதில்: "மேடம், அவங்கள நேத்து மத்தியானமே தூரத்து எறங்குதளத்துல எறக்கியாச்சு. உங்க சர்டிஃபிகேட்ட நம்பித்தான் எறக்கினோம். திரும்ப ஏத்த எரிபொருள் இல்ல. அடுத்த கப்பல் வர ரெண்டு வருஷமாகும்."

மூன்று முறை கேட்டேன். அதே பதில்.

நாள் 223, காலை 06.20
நிற்க முடியவில்லை. உட்கார்ந்தே எடுக்கிறேன். புது ஆட்களின் வரிசையில் முதல் பெண் ஆமினா, பத்தொன்பது வயது. ஸ்கேன் குழாய்க்குள்ளிருந்து மைக்கில் கேட்டாள்: "படம் நல்லாயிருக்கா மேடம்?"

பால்போல் வெள்ளை. நல்லாயிருக்கு என்றேன்.

இன்டர்காம் திறந்தே இருந்திருக்கிறது. படுக்கை அறையிலிருந்து சுடலைமணி: "எக்கா, அவளுக்காச்சும் சாயங்காலம் எடுங்க."

எடுத்து? நாளைக்கும் காற்றுக்குப் பனிக்கட்டி வெட்ட ஆள் வேண்டுமே. சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.