சட்டையின் வலது கை

இன்று பின்னேரம் உங்கள் மகள் மழையோடு வந்து என் கதவைத் தட்டினாள். கொண்டுவந்த துணியைச் சமையலறை மேசையில் விரித்ததும் ஈர மரப்பட்டை வாசம் எழுந்தது. ஐயோ, உங்கள் வாசம்! லின்ஃபீல்டில் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த நீங்கள் கண்மூடிய பிறகு அது என் வீட்டுக்கு வந்தது இன்றுதான்.

நீங்கள் பிறந்த ஹொக்கைடோத் தீவில் உங்கள் அக்கா மரப்பட்டை நாரில் துணி நெய்து அனுப்புவார். நீங்கள் இங்கே அதில் பூவேலை செய்வீர்கள். ஐனுப் பழங்குடி ஆட்கள் என்றால் யார் என்றே தெரியாத நான் சும்மா இருப்பேனா?

"பட்டையை உரிச்சா மரம் சாகாதோ?"

நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். என் காதில் மட்டும் உங்கள் பதில் எங்கள் ஊர்த் தமிழில் நிற்கிறது: "முழுக்க உரிக்கமாட்டம். மிச்சம் காத்தில பிய்ஞ்சுபோகாமக் கட்டிப்போட்டு, நன்றி சொல்லிப்போட்டுத்தான் வருவம்."

"கழுத்திலயும் கைவிளிம்பிலயும் ஏன் இவ்வளவு வேலை?"

"கெட்டது நுழையிற வாசல் அதுகள்தானே."

என் மனுசன் சிரிப்பார்: "இவ விசாரணைக் கமிஷன் தொடங்கிட்டா!"

வருகிற சனிக்கிழமை உங்கள் மகளுக்குக் கல்யாணம். அவளுக்கென்று தைத்த கல்யாணச் சட்டையில் இடது கையின் பூவேலையை மட்டும் முடித்துவிட்டுப் போனீர்கள். வலது கை வெறுமையாக இருக்கிறது. எப்போதும் நீங்கள் கோடு போட்டுக் கொடுப்பீர்கள், அவள் தைப்பாள். இப்போது இடது கையை ரூலரால் அளந்து, வலது கையில் தைத்துத் தைத்துப் பிரித்ததில் துணியே நைந்துபோயிருந்தது.

"அம்மாவின்ர மாதிரி வருகுதில்லை, ஆன்டி. நான் வாடகைக் கவுனே போடுறன்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் என் பழைய கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது. உங்கள் அம்மாவின் சட்டையில் சுருள்கள் சின்னதாகவும் உங்களுடையதில் பெரிதாகவும் இருப்பதைப் பார்த்து, பிழையாகிவிட்டதா என்று கேட்டேன். நீங்கள் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினீர்கள். "அம்மாவின்ர சாண் சின்னன். நாங்கள் கையாலதான் அளக்கிறது. அவரவர் கை."

அதைச் சொன்னேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ரூலரைத் தள்ளிவைத்தாள். துணியின் மேல் கையை விரித்தாள். உங்கள் சாணை விடக் குறைவுதான்.

"அப்ப ரெண்டு கையும் ஒரேமாதிரி வராதே?"

"வராது, பிள்ளை."

அவள் ஊசியை எடுத்து நூல் கோத்தாள்.

உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்விகள் இன்னும் நிறைய என்னிடம் இருக்கின்றன. இனி அவளிடம்தான் கேட்க வேண்டும். சனிக்கிழமை அவள் இடது கையில் உங்கள் அளவும் வலது கையில் தன் அளவுமாக வருவாள். கெட்டது நுழைகிற வாசல் இரண்டும் அடைத்திருக்கும்.