அன்னம்மாளுக்கு ஒரு கொடுவா

ஜூன் 14, 1936, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேராகத் தஞ்சோங் தோகோங் பாறைக்குப் போனேன். கைநூலில் ஈயக்குண்டைக் கட்டிச் சுழற்றிச் சுழற்றி எறிந்ததில் தோள் கழன்றதுதான் மிச்சம். கொடுவா மீன் புரளும் ஆழத்துக்கு என் நூல் எட்டவே இல்லை. கெளுத்தி மேய்கிற இடத்தில் விழுந்து கிடக்கிறது.

படகில் போனால் ஒரே காலையில் முடிகிற காரியம். ஆனால் போக முடியாது. ஜனவரியில் மகள் லீனாவுக்குக் குளிர்காய்ச்சல் முற்றிக் கண் திறக்காமல் கிடந்தாளே, அன்று கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் முழந்தாளிட்டேன். பிள்ளை பிழைத்தால், என் கையால் பிடித்த கொடுவாவை அக்கரைப் புக்கிட் மெர்தாஜாம் கோவில் திருநாள் விருந்துக்குக் கொண்டுவருகிறேன், அர்ச்சிஷ்ட அன்னம்மாளே என்றேன். அந்தப் பக்கம் ஆலிஸ். பிள்ளை பிழைத்தால் என் புருஷன் இனிப் படகே ஏறமாட்டார் என்று அவள் நேர்ந்துகொண்டாள். போன வருஷம் என் சம்பான் படகு கவிழ்ந்ததை அவள் மறக்கவில்லை. பிள்ளை கண் திறந்த பிறகுதான் ஒருவருக்கொருவர் சொன்னோம். திருநாளுக்குப் போக ஃபெரி ஏறியாக வேண்டுமே என்றேன். ஃபெரிக்கு மட்டும் விலக்குக் கேட்டிருக்கிறாளாம்! அவ்வளவு யோசித்தவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

திருநாள் ஜூலை 26. இன்று கடற்சுவரில் ஒரு வெள்ளைக்காரர் குட்டைக் கோலில் நூல் சுற்றும் ரீல் பூட்டி எறிந்தார். தூண்டில் எங்கேயோ போய் விழுந்தது. எனக்கு அது வேண்டும்.

ஜூன் 16

பீச் ஸ்ட்ரீட் பக்கம் பெரிய கடைக்குப் போனேன். விற்பனையாளர் ராமதாஸ் நம்மவர். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ரீலைக் கையில் கொடுத்தார். விரலால் தட்டினால் நூல் உருளை ஓசையே இல்லாமல் சுற்றுகிறது. விலையைக் கேட்டேன். என்னைப் போலக் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வாங்குகிற சாமான் இல்லை அது. "பாக்கியம் அண்ணே, வேற எங்க வாங்கினாலும் பளபளப்பைப் பாக்காதீங்க. ஆட்டிப் பாருங்க, காதுல வச்சுக் கேளுங்க" என்றார். கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 20

கேட்டுக்கொண்டு வந்து என்ன? சிந்த்ரா ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் வெள்ளி மாதிரி மின்னுகிற ரீல், கால் விலைக்கு. வாங்கிவிட்டேன்.

ஜூன் 21

முதல் வீச்சிலேயே நூல் போகிற வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றி, உள்ளே நூல் ஒரே சிக்கு. பெருவிரலால் உருளையை லேசாக அழுத்திக்கொண்டே எறிய வேண்டுமாம். அழுத்தினால் காலடியில் விழுகிறது, விட்டால் சிக்கு. பாதி நேரம் சிக்கெடுத்தேன், மீதி நேரம் என்னையே திட்டினேன்.

ஜூன் 28

கடித்தது. கொடுவாதான், தலையைச் சிலுப்பிக்கொண்டு எழும்பியதைக் கண்ணால் பார்த்தேன். கைப்பிடியைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், உருளை அசையவில்லை. உள்ளே பல்சக்கரம் மழுங்கிவிட்டது. மீன் நூலை அறுத்துக்கொண்டு போயிற்று. வீட்டில் ரீலைத் திறந்து பார்த்தால் அது பித்தளைகூட இல்லை, ஈயம் போல ஏதோ. அடப் பாவி, வாங்கும்போது திறந்து பார்க்கத் தெரியாதா உனக்கு?

ஜூலை 2

லீனாவுக்கு மறுபடி காய்ச்சல். டாக்டர் கொயினா கொடுத்தார், இந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் என்றார். ஆலிஸ் என்னைப் பார்த்த பார்வை வேறு. அவளே சொன்னாள்: "நேந்துக்கிட்டதைச் செய்யாம இருந்தா இப்படித்தான்." யார் செய்யவிடாமல் கட்டிப்போட்டது என்று கத்திவிட்டேன். பிள்ளை விழித்து அழுதாள். சீ.

ஜூலை 5

ஹென்றி, ஆலிஸின் தம்பி, வாசலோடு நிறுத்திப் பேசினான். சம்பான் அவன் ஏற்பாடு செய்கிறானாம். "ஒரு மணி நேரந்தான் லா, அத்தான். அக்காவுக்குத் தெரியவா போகுது?" அவளுக்குத் தெரியாது. அன்னம்மாளுக்கு?

வேண்டாம் என்று சொல்லவில்லை நான். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 10

நார்தாம் ரோட்டில் ஊருக்குத் திரும்பும் துரை ஒருவர் வீட்டில் லேலோங். நாற்காலி, பீங்கான், பியானோ எல்லாம் ஏலம் போயின. கடைசியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ரீல். கறுத்துப்போய், விளிம்பு நசுங்கி, பார்க்கச் சகிக்காத பண்டம். ஆட்டினேன், உருளை ஆடவில்லை. காதில் வைத்துச் சுழற்றினேன், கரகரப்பு இல்லை. நகத்தால் திருகாணியைக் கழற்றினேன். நல்ல கெட்டிப் பித்தளைப் பல், ஒன்றும் மழுங்கவில்லை. போட்டிக்கு ஆளே இல்லை. எனக்குக் கட்டுப்படியான விலைக்கே விழுந்தது. வெளியே வந்து சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 15

தினமும் வேலை முடிந்து திடலில் ஈயக்குண்டைக் கட்டி எறிந்து பழகுகிறேன். கால்பந்து ஆடுகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஜூலை 19

சிக்கு விழவே இல்லை. பெருவிரல் தோலுரிந்துவிட்டது. ஆலிஸ் துணி கிழித்துக் கட்டினாள். லீனா கஞ்சி குடித்தாள்.

ஜூலை 25, சனி

அரைநாள் வேலை. பாறைக்குப் போனால் பின்னாலேயே ஆலிஸ், கையில் செபமாலை. ஹென்றி உளறியிருக்கிறான். நான் படகு ஏறாமல் காவல் காக்க வந்திருக்கிறாள்.

உயிர் இறாலைக் கோத்து எறிந்தேன். ஆழத்தில் போய் விழுந்தது. வெகுநேரம் கழித்துக் கடித்தது. ரீல் முனகாமல் நூலைக் கொடுத்தது, சுற்றினால் இழுத்தது. மீன் பாறையடிக்கு வந்துவிட்டது. ஆலிஸே எழுந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து நூல் சிப்பியில் உரசி அறுந்தது.

ரீல் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. யார் மேலும் சொல்ல முடியாது.

பொழுது சாய்ந்தது. கீழே ஹென்றி சம்பானோடு வந்து நின்றான். நான் அவனைப் பார்க்கவில்லை, ஆலிஸைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறியிருந்தது.

"ஏறுங்க" என்றாள். "பிள்ளைக்காக. என் நேர்ச்சைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஏறியிருந்தால் மீன் கிடைத்திருக்கும். அவள் சொன்னதை உடைத்து நான் சொன்னதைக் காப்பாற்றுவதா? முடியாது என்றேன். கோலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவள் அழுதாள். எனக்கும் அழுகைதான்.

ஜூலை 26, திருநாள்

வெறுங்கையோடு எப்படிப் போவது? ரீலைக் கழற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றினேன். ஃபெரியில் மடியிலேயே வைத்திருந்தேன். கோழி, ஆட்டுக்குட்டி, தேங்காய்க் குலை என்று காணிக்கை குவிந்த இடத்தில் அதையும் வைத்தேன். மீன் தர முடியவில்லை தாயே, என்னிடம் இருந்த நல்லது இதுதான்.

பூசைக்குப் பிறகு வழக்கம்போலக் காணிக்கைகளை ஏலம் விட்டார் உபதேசியார். ரீலைத் தூக்கிக் காட்டியதும் சிரிப்பு. தையல் மெஷின் சாமானா என்றார் ஒருவர். எஸ்டேட் கிராணி ஒருவர் மட்டும் கையில் வாங்கி, ஆட்டிப் பார்த்து, காதில் வைத்தார். ரீலைப் பற்றித் தெரிந்த ஆள். ஏலம் கேட்டார்.

பின்னால், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அதற்கு மேலே கேட்டது. திரும்பினேன். ஆலிஸ், லீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. கடைத்தெருவில் பேரம்கூடப் பேசாதவள்! அவர் ஏற்ற, இவள் ஏற்ற, அவள் தைத்துச் சேர்த்த காசு முழுக்கப் போயிற்று. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார்.

துணியோடு கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"அடுத்த வருசம் மீனைக் கொடுத்திடலாம்னு அன்னம்மாகிட்ட சொல்லிட்டேன். பாறையிலேருந்துதான்."

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஒன்றும் கடிக்கவில்லை. பாறையில் பாசி. ஆலிஸுக்கு வழுக்காத செருப்பு ஒன்று வாங்க வேண்டும்.