மகள் கிரகத்தில், நான் நிலாவில்

சனிக்கிழமை இரவு, லாபிஸ், மலேசியா

இருபது வருடமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிற எனக்கு, கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு விண்கலத்தை நிறுத்தத் தெரியவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் தன் கலத்தை முதலிலேயே இறக்கிவிட்டு, போனில் வழி சொன்னாள்.

"பிரேக்லாம் இல்ல லா மா. பின்பக்கமா திருப்பி இஞ்சின போடுங்க."

போகிற திசைக்கு முதுகைக் காட்டினால்தான் வேகம் குறையுமாம். என்ன நியாயமோ! எப்படியோ மெதுவாக இறங்கிவிட்டேன்.

"எங்கம்மா இருக்கீங்க? நான் கிரகத்துல நிக்கிறேன்."

நான் இறங்கியது அதன் நிலாவில். எங்கே வழி தவறினேன் என்று இப்போதும் புரியவில்லை.

"அலமாக்! ஐயோ, அங்கேயே இருங்க, நான் வரேன்."

ஐந்தே நிமிடத்தில் என் பக்கத்தில் வந்து இறங்கினாள். தீபாவளிக்குக்கூட வீட்டுக்கு வராதவள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவைத்தேன்.