அடையாள அட்டைக்குள் அடங்காத வதனி அக்காவுக்கு

என் அன்புக்குரிய வதனி அக்கா,

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. யுத்தம் முடியவில்லை. துறைமுகத் தொழிலாளர்கள் இப்போது வேறொருவரிடம் சாப்பாட்டுப் பார்சல் வாங்குகிறார்கள். சம்பலில் ருசியில்லை என்று உங்கள் பெயரைச் சொல்லி ஏங்குகிறார்கள். நீங்கள் இருந்தபோது அந்தப் பெயரைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

நம் இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. மருந்து கொழும்பில், இலவசமாக. ஆண்களை விரும்புகிற ஆண் என்று என் முகத்தில் எழுதியில்லாததால் நான் ஒழுங்காகப் போய்க் குளிசை வாங்கிவந்தேன். உங்கள் அடையாள அட்டையிலோ அரும்பு மீசையோடு ஒரு பையன். சோதனைச் சாவடியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அரசாங்கம் உங்களுக்கு மருந்து வைத்திருந்தது; வரிசை வைக்கத்தான் மறந்துவிட்டது.

சேர்ந்து போனால் சந்தேகப்படுவார்கள் என்று இருவரும் புத்திசாலித்தனமாக முடிவெடுத்தோம். நான் முதல்நாளே போய்க் கொழும்பில் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். நீங்கள் சேர்ட் போட்டு, கூந்தலைத் தொப்பிக்குள் சுருட்டிக்கொண்டு புறப்பட்டீர்கள். பஸ் வந்தது. நீங்கள் வரவில்லை.

நடந்ததைப் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். தொப்பியைக் கழற்றச் சொன்ன ஆமிக்காரன், விழுந்த கூந்தலைக் கண்டு உங்கள் நெஞ்சுக்கு நேரே துவக்கை நிமிர்த்தினானாம்.

“என்னத்துக்குக் கொழும்பு?”

“கலியாணத்துக்கு, ஐயா.”

“யார்ட கலியாணம்?”

“என்ர தான்.”

வரிசை முழுக்கச் சிரித்தது, அவனைத் தவிர. மருந்துக்கு என்றால் என்ன மருந்து என்று கேட்பான். ஊரே காது கொடுத்து நின்றது. மாறுவேடத்தில் வந்த புலியோ என்று பின்னேரம் வரை உங்களை வெயிலில் இருத்தினார்கள். வளர்ந்த பிறகு நீங்கள் வேடம் போட்டது அந்த ஒரு நாள்தான்.

“இனி நான் போகமாட்டன், தம்பி.”

“அப்ப என்ர குளிசையில பாதியை எடுங்கோ.”

“விசரா! பங்கு போட்டால் ரெண்டு பேரும் அரைவாசி அரைவாசியாச் சாகவேணும். நான் செத்தால் முழுசாச் சாவன். நீ உன்ரதை ஒழுங்காப் போடு.”

சொன்னபடியே செய்தீர்கள்.

செத்தவீட்டுக்கு உங்கள் அண்ணன்மார் வந்தார்கள். கூந்தலை வெட்டி, வேட்டி கட்டி, அட்டையிலுள்ள பெயரைச் சொல்லி அழுதார்கள். அப்போதுதான் நீங்கள் உங்கள் படத்தைப் போல இருந்தீர்கள். அந்தத் தோற்றத்தில் எந்தச் சாவடியையும் கடந்திருப்பீர்கள்.

முன்பே வெட்டியிருந்தால் உயிரோடு இருந்திருப்பீர்களா, அக்கா? இருந்திருப்பது நீங்களாக இருந்திருக்குமா?

ஒரு சேதி. உங்களோடு சோறு கட்டிய சுகந்திக்கும் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்திருக்கிறது. அவளும் உங்களைப் போலப் பெண்ணாக வாழ்பவள். உங்களுடையதைவிடத் தன் கூந்தல் நீளம் என்ற பெருமை வேறு. “அக்காவுக்கு நடந்ததுதான் எனக்கும். என்னால கொழும்புக்குப் போக ஏலாது” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்றுத்தான், “நீ பக்கத்தில வருவியோ?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

திங்கட்கிழமை போகிறோம். அவள் சேலையிலேயே வருவாள். அவளை மறித்தால் நானும் நிற்பேன். பஸ் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போகட்டும். மறுநாளும் பஸ் இருக்கிறது, அதற்கு மறுநாளும். அவள் கையில் குளிசை கிடைக்கும்வரை ஏறிக்கொண்டே இருப்போம், அக்கா. இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களுக்கு மட்டும் தம்பியான,
நேசன்