வெள்ளிக்கிழமைப் பிணம்

யூன் 6, திங்கள்

விடியவே மழை. சப்பாத்து ஈரம். பள்ளி வாசலில் பை சோதனை, நீளமான லைன், முதல் பாடம் பாதி போய்விட்டது.

பின்னேரம் ஹோலில் முதலுதவிக் குழு. போன மாதம் காலி வீதி என்கிற பெருந்தெருவில் குண்டு வெடித்ததிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் ஒத்திகை. காயக்காரர் மாதிரிச் சிலர் படுப்போம். தலைவி மூச்சை எண்ணிக் கலர் றிபன் கட்டவேண்டும். சிவப்பு: உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள்: பொறுக்கலாம். கறுப்பு: முடிந்தது.

தலைவி வாசுகி அக்கா, ஏ.எல். உயர்தர வகுப்பு. கைக்குழந்தைப் பொம்மைக்குச் சிவப்புக் கட்டினார். அட்டையில் மூச்சு நாற்பது. பக்கத்தில் முப்பத்திரண்டு மூச்சு வாங்கிய ‘அங்கிளு’க்கு மஞ்சள்.

“அக்கா, கைக்குழந்தைக்கு நாற்பது சரி. பெரியாக்களுக்குத்தான் இருபதுக்கு மேல போனாப் பிழை. அங்கிள்தான் முதல்.”

“டொக்டரம்மா வந்திட்டா, எழும்பி நில்லுங்கோடி!” என்றார் அக்கா.

எல்லாரும் சிரிப்பு. குழுவுக்குப் பொறுப்பான மிஸ்ஸும்.

அக்கா விடவில்லை. “இவ்வளவு கதைக்கிற ஆள் கதைக்காத வேஷம் எடுக்கட்டும். இனி நீதான் பிணம்.”

அக்கா என்று எழுத மனமில்லை. இனி இங்கே வெறும் வாசுகி.

யூன் 10, வெள்ளி

மறுபடியும் பிணம். வெள்ளைச் சீலையால் முகம்வரை மூடல். வாசுகி கிட்ட வருவதேயில்லை. பிணத்தைத் தொட்டால் துடக்காம், தீட்டாம். தள்ளி நின்று கறுப்பு றிபனை எறிகிறாள்.

அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். “வெள்ளிக்கிழமையும் பிணமாப் படுத்தனியோ? சீ! தலையில வார்த்துப்போட்டு உள்ளுக்கு வா. சாமியறைப் பக்கம் போகாத.”

இந்த மழைக்குத் தலைக்குளிப்பு. தடிமனும் தும்மலும் நிச்சயம்.

பாடமாக்க (மூச்சு, நிமிடத்துக்கு):
கைக்குழந்தை 30–60
நடக்கிற பிள்ளை 24–40
பள்ளிப்பிள்ளை 18–30
பெரியவர் 12–20

வாசுகிக்கு எல்லா வயதும் ஒன்று. எண் பெரிதென்றால் சிவப்பு. நாளைக்கு உண்மையாகவே குண்டு வெடித்தால்? அவள் கையில் றிபனை விடக்கூடாது. அது பாதிக் காரணம். மற்றப் பாதி: அவள் அழவேண்டும்.

யூன் 16, வியாழன்

வெயில். எங்களைச் சோதிக்க ஒரு டொக்டர். நிரந்தரத் தலைவி யார் என்று இன்று முடிவு. படுப்பவர்களுக்கு மட்டும் இரகசியமாகப் புதிய துண்டுச் சீட்டு. என்னுடையது: “வயது 14. மூச்சு எட்டு.”

பிணமில்லை! சாகிறமாதிரி மெதுவான மூச்சு. முதல் சிவப்பு நான்தான்.

வாசுகி வந்தாள். அதே சீலை, அதே மூலை. தள்ளி நின்றபடியே கறுப்பு.

ஒரு இருமல் போதும், குனிந்து பார்த்திருப்பாள். நான் இருமவில்லை. மெதுவாக, ஒழுங்காக மூச்சு விட்டேன். சீலைக்குள் எவ்வளவு சந்தோஷம்.

டொக்டர்: “இந்தப் பிள்ளையின்ர மூச்சை எண்ணினீரோ?”

“அவ... அவ எப்பவும் பிணம்தான் டொக்டர்.”

“எப்பவுமோ? உயிரோட இருக்கிற ஆளைச் சாகவிட்டிட்டீர், பிள்ளை.”

றிபன் பெட்டி இப்போது என்னிடம். இடியப்பம் ருசியாக இருந்தது. நிறையச் சாப்பிட்டேன்.

யூன் 17, வெள்ளி

மழை. என் தலைமையில் முதல் ஒத்திகை.

“பிணம், வாசுகி அக்கா.”

“இண்டைக்கு வெள்ளியடி. அம்மா உள்ளுக்கு விடமாட்டா.”

“தலையில வார்த்தாச் சரி, அக்கா.”

படுத்தாள். சீலையை நானே மூடினேன். நான் அவளைப்போல் இல்லை: கிட்டப் போய், குனிந்து, நெஞ்சைப் பார்த்து முழு நிமிடமும் எண்ணினேன். முப்பத்தாறு. கண் இருக்கும் இடத்தில் சீலை நனைந்திருந்தது. அவள் வயதுக்கு அது சிவப்பு.

கறுப்பைக் கட்டினேன். இரட்டை முடிச்சு.