நட்சத்திரத்தை ரிப்பேர் செய்தவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். என் முழங்கால் நலம். என் கோபம் மிக மிக நலம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உன் மலையில் "ஹலோ" சொல்வதற்குள் லைன் போய்விடுகிறது. கோபத்தைத் துண்டு துண்டாகக் கொட்ட எனக்கு வராது.

கோளரங்கத்தில் பழைய எலெக்ட்ரீஷியன் ஓய்வு பெற்றுவிட்டார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அவருடைய இடத்தில் ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். வந்த முதல் நாளே உன் நட்சத்திரத்தை ரிப்பேர் செய்துவிட்டான்.

ஆமாம், ரிப்பேர். கூரையில் தெரியும் மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் நடுவில் நிற்கும் பெரிய கருவியிலிருந்து வருகிறவை. உன் நட்சத்திரத்துக்கு மட்டும் தனி விளக்கு, தனி வயர். அந்த நட்சத்திரத்தை அளக்க நீ மலைக்கு வேலைக்குப் போன வருஷம், பழைய எலெக்ட்ரீஷியனை நச்சரித்து நான் வைக்கச் சொன்னது. வெளிச்சம் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். நிஜத்தில் அது ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியாது, அதுவும் ஒரு ஏற்றத்துக்கு எத்தனையோ மணி நேரம் ஆகும் என்று நீ திருத்துவாய். தெரியும். டிக்கெட் வாங்கி வந்தவர்களை அத்தனை நேரம் உட்கார வைத்தால் என்னை அடிக்க வருவார்கள். அதனால் ஒரு நிமிஷத்தில் காட்டுகிறோம்.

அந்த ஆள் இதைப் பார்த்திருக்கிறான். லூஸ் கனெக்‌ஷன் என்று முடிவு கட்டியிருக்கிறான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைக் கழற்றி எறிந்து, வயரை நேராகப் பற்றவைத்து, புது பல்பும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மதியக் காட்சிக்கு அரங்கம் கொள்ளாமல் பள்ளிப் பிள்ளைகள். சிவப்பு நட்சத்திரம் அதிகச் சூடா, நீலமா என்று வழக்கம் போலக் கேட்டேன். வழக்கம் போல எல்லாரும் "சிவப்பு" என்று கத்தினார்கள். குழாயில் சிவப்புப் புள்ளி வெந்நீர், நீலப் புள்ளி பச்சைத் தண்ணீர் என்று பார்த்து வளர்ந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள், மஞ்சளாக எரிந்தால் பாத்திரம் கரிதான் பிடிக்கும், நீலமாக எரிந்தால்தான் சூடு என்றேன். இந்த நீலவெள்ளை நட்சத்திரம் நம் சூரியனைவிட நாலு மடங்குக்கு மேல் சூடானது என்றேன். தன்னைத்தானே சுற்றுகிற வேகத்தில் அதற்கு இடுப்பு பெருத்துவிட்டது என்றேன், சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, இப்போது பாருங்கள், மெல்ல மங்கும் என்றேன்.

மங்கவில்லை. நான் காத்திருந்தேன், பிள்ளைகள் காத்திருந்தார்கள், அது பாட்டுக்கு முழித்துக்கொண்டு நின்றது. முன்வரிசையில் ஒருத்தி, "மிஸ், மங்கவே இல்லையே" என்றாள். இன்றைக்கு அதற்கு மூடு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி நான் உளறியதே இல்லை.

காட்சி முடிந்ததும் ஆளைப் பிடித்தேன். அந்த நட்சத்திரமே அப்படித்தான், மாறுவதுதான் அதன் குணம், என் பெண் மலை மேல் உட்கார்ந்து அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறாள் என்று பொரிந்து தள்ளினேன். "எனக்கு எப்படிம்மா தெரியும்? லைட்டுன்னா நின்னு எரியணும்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். சிரிக்கிறான்! சத்தம் கேட்டு ஓடிவந்த டிக்கெட் கவுண்டர்காரி அங்கேயே அவனுக்கு 'லூஸ் கனெக்‌ஷன்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

நாளைக்குள் பழையபடி ஆகவில்லை என்றால் மேலே எழுதிப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. குளிருக்கு இரண்டு சட்டையாகப் போட்டுக்கொள்.

கொதிப்புடனும் அன்புடனும்,
அம்மா

* * *

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாம் சுகம். உன் கடிதத்தில்தான் சுகம் குறைவாக இருந்தது. இரண்டு வருஷமாக நட்சத்திரத்தைச் சுற்றி வளையமே இல்லை, வளையம் எப்படி உண்டாகிறது என்று பார்க்க வந்துவிட்டு மொட்டை நட்சத்திரத்தை அளந்துகொண்டிருக்கிறோம் என்று அலுத்துக்கொண்டிருந்தாய். இஷ்டப்பட்டால் இடுப்பிலிருந்து வாயுவை வீசி வளையம் போட்டுக்கொள்ளும், இல்லையென்றால் கலைத்துவிடும், எப்போது என்று அதற்கே தெரியாது என்று எனக்குச் சொன்னவளே நீதானே. கொஞ்சம் பொறு.

நம் கூரையில் நட்சத்திரம் மறுபடி மங்குகிறது. எலெக்ட்ரீஷியன் மறுநாளே சரிசெய்துவிட்டார். எவ்வளவு நேரம் ஏற வேண்டும், எவ்வளவு நேரம் இறங்க வேண்டும் என்று கேட்டார், அது சரி. ஏன் ஏறி இறங்குகிறது என்றும் கேட்டார். பிள்ளைகளைத் தவிர இந்தக் கட்டடத்தில் என்னை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். உள்ளிருந்து கிளம்பும் சூடு ஓர் அடுக்கில் அடைபட்டுக்கொள்ளும், அதனால் உப்பும், உப்பியதும் வழி கிடைத்துச் சூடு வெளியேறும், பிறகு சுருங்கும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப அதுக்கும் கேஸ் டிரபிள்தான்" என்றார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காட்சியில் சொல்ல முடியவில்லையே என்பதுதான் வருத்தம்.

இப்போது வேலை முடிந்த பிறகும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இடுப்பு பெருத்த கதைக்குத் தினமும் புதிதாகக் கேட்பது போலச் சிரிக்கிறார். இருட்டில் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. "உங்க லூஸ் கனெக்‌ஷன் இன்னிக்கும் ஆஜர்" என்று டிக்கெட் கவுண்டர்காரி எனக்குச் சைகை காட்டுகிறாள். அவளுக்கு வேலை குறைவு.

ஒரு விஷயம். கண்ணாடித் துண்டு ஒன்றில் உன் நட்சத்திரத்துக்கு வளையம் வரைந்து, அதற்குத் தனி சுவிட்சும் வைத்திருக்கிறார். "வளையம் வந்துருச்சுன்னு உங்க பொண்ணு எழுதட்டும், அன்னிக்கே போட்டுடலாம்" என்கிறார். அதுவரை சுவிட்சைத் தொடக் கூடாது என்று அதன் மேல் டேப் ஒட்டியிருக்கிறார்.

நம் வீட்டு ஹாலில் ஷாக் அடிக்கும் சுவிட்சையும் மாற்றியாகிவிட்டது. பிறகு மின்விசிறி. பிறகு குளியலறைக் குழாய், அது அவருடைய வேலையே இல்லை, இருந்தாலும் பார்த்தார். பார்த்தவர் சும்மா போகவில்லை. வெந்நீர்க் குழாயில் நீலப் புள்ளியும் மற்றதில் சிவப்பும் மாற்றி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நட்சத்திரக் கணக்குப்படி இதுதான் சரியாம்! மறுநாள் காலை தூக்கக் கலக்கத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன். கோளரங்கத்துக்குப் போய் அரை மணி நேரம் சண்டை போட்டேன். ஆனால் புள்ளிகளை நான் மாற்றவில்லை, பழகிவிட்டது.

நேற்று முழுக்க மழை. அவருக்கு மழையில் நனைந்தால் உடனே சளி பிடிக்கும், குடை எடுக்கச் சொன்னால் கேட்பதில்லை. டீயில் சர்க்கரையும் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். சரி, அவர் வருகிற நேரம் ஆகிவிட்டது, அடுப்பைக் கவனிக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா

* * *

என் கண்ணுக்கு,

வளையம் வந்துவிட்டதா! உன் கடிதத்தை டிக்கெட் கவுண்டரில் நின்றபடியே பிரித்தேன். முதல் வரியைப் படித்ததும் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் பயந்துபோனார்கள். நட்சத்திரம் கொஞ்சம் பிரகாசம் கூடியிருக்கிறது, ஒளியைப் பிரித்துப் பார்த்தால் வாயு சுற்றுவது தெரிகிறது, நாங்கள் யாரும் தூங்கப் போகவில்லை என்று எழுதியிருந்தாய். என் பெண்ணே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்று மதியமே டேப்பைப் பிய்த்துச் சுவிட்சைப் போட்டோம். வளையம் ஒரு பக்கம் நெளிந்திருந்தது, யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி. இருந்தாலும் அரங்கமே கைதட்டியது. அதைக் கண்டவர்களில் ஒருத்தி என் மகள் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். சொந்தக் கதை பேசக் கூடாது என்று மேலதிகாரி உத்தரவு போட்டிருக்கிறார், போடட்டும்.

இனி உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். அதில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாய். "யாரும்மா இந்த அவர்?"

அதற்குக் கீழே விளக்கம் வேறு. முதல் கடிதத்தில் 'வந்தான், போனான்'. இரண்டாவதின் தொடக்கத்தில் 'எலெக்ட்ரீஷியன் செய்தார்'. முடிவில் எலெக்ட்ரீஷியனும் இல்லை, லூஸ் கனெக்‌ஷனும் இல்லை, வெறும் 'அவர்'. "மாறுறதைக் கண்டுபிடிக்கறதுதானேம்மா என் வேலை" என்று முடித்திருந்தாய். நீ சிரித்துக்கொண்டு எழுதினாயா, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுதினாயா என்று எத்தனை முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. போனில் என்றால் உன் மூச்சிலேயே தெரிந்திருக்கும்.

தபால்காரரையும் அவர் என்கிறோம், மேலதிகாரியையும் அவர் என்கிறோம். அது வேறு. யார் என்றே சொல்லாமல் அவர் என்று சொன்னால் எனக்கு உன் அப்பா மட்டும்தான். அவர் சாப்பிடட்டும், அவர் வந்ததும் கேட்கலாம் என்று எத்தனை வருஷம் பேசியிருப்பேன். அவர் போன பிறகு அந்தச் சொல் என் வாயில் அப்படி வந்ததே இல்லை. உன் கேள்வியைப் படித்ததும், உன் அப்பாவின் சட்டையை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டு உன்னிடம் மாட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது. உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடிக்கும்போது சிரிப்பு வந்தது. அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் கழித்தவர் உன் அப்பா. யாரைச் சொல்கிறாய் என்று தெரியவில்லை, தெளிவாக எழுது என்று ஓரத்தில் சுழித்திருப்பார்.

அதனால் தெளிவாக எழுதுகிறேன். போன வாரம் அந்த எலெக்ட்ரீஷியன் நம் வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கைப் பார்த்தார், நன்றாக எரிந்தது. மின்விசிறியைப் பார்த்தார், சுற்றியது. டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "இங்க ரிப்பேர் பண்ண இனிமே ஒண்ணும் இல்லைங்க. சும்மா வரலாமா? வந்தா அப்படியே இருந்துடலாமா?" என்று கேட்டார். இவருக்குக் கல்யாணமே ஆனதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றார், என்னமோ பஸ்ஸைத் தவறவிட்டது போல.

என் பெண்ணைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். "கேளுங்க. அவங்க வேண்டாம்னு சொன்னா நான் அந்த நட்சத்திரத்தை மட்டும் பாத்துக்கறேன். அதை விட்டுட்டுப் போகமாட்டேன்" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தேன்.

கண்ணு, எனக்கு ஆசையாக இருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் ஆசையாக இருக்கிறது. வீட்டில் பேச ஆள் இல்லை என்பதற்காக இல்லை, பேசிப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். காலையில் எழுந்ததும் இன்றைக்கு இவரோடு எதற்குச் சண்டை போடலாம் என்று யோசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. உன் வளையம் வந்ததோடு இதை முடிச்சுப் போட்டு விஞ்ஞானம் பேசாதே. அது நட்சத்திரம், நான் உன் அம்மா. நீ வேண்டாம் என்றால் இத்தோடு விட்டுவிடுவேன். வருத்தப்பட மாட்டேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

இதற்கென்று நீ பெரிதாகப் பதில் எழுதித் திண்டாட வேண்டாம். எப்போதும் போல எழுது. வளையம் எவ்வளவு வளர்ந்தது, மேகம் வந்து கெடுத்ததா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, எல்லாம் எழுது. உன் மனம் இடம் கொடுத்தால் கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேள். யாரைக் கேட்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா